விக்டோரியாவுக்கு ஒரு முழு நாள்

சீஷெல்ஸ் தீவுகளுக்குப் புறப்படத் தயாராகும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கும், அவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தரும் முகவர்களுக்கும்,



உங்கள் கையில் இருக்கும் பயணத் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஐந்து இரவு, ஆறு பகல் என்றால் பொ வலோன் கடற்கரைக்கு ஒரு நாள், பிராலின் தீவுக்கு ஒரு நாள், லா டீக் தீவுக்கு ஒரு நாள், படகில் பவளப்பாறை பார்க்க ஒரு நாள் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். தலைநகரான விக்டோரியாவுக்கு மட்டும் இரண்டு மணி நேரம். மணிக்கூண்டின் முன் ஒரு படம், பிள்ளையார் கோயிலில் ஒரு கும்பிடு, சந்தையில் ஒரு பொட்டலம் பட்டை, உடனே வேனில் ஏறு. போய் வந்தவர்களிடம் கேட்டால் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: அது ஒரு தூங்குமூஞ்சி ஊர், அங்கே பார்க்க என்ன இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கடையை மூடிவிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்காய் கிடையாது. இந்தப் பேச்சை நான் மறுக்கிறேன். அந்த ஊரின் நிதானம் சோம்பலில் வந்ததும் அல்ல, வெயிலும் கடற்காற்றும் தந்ததும் அல்ல. ஊரின் அமைப்பு, நாட்டின் சட்டம், மக்களின் வரலாறு மூன்றும் சேர்ந்து உண்டாக்கியது. அந்தத் தீவுகளில் மனிதர்கள் செய்து வைத்திருப்பவற்றில் மிகச் சிறந்தது அதுவே என்பது என் கருத்து. வேன் ஜன்னலிலிருந்து அது கண்ணில் படாது. ஒரு வேலைநாள் முழுவதும் நடந்து பார்த்தால்தான் புரியும். அந்த ஒரு நாளைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஊரின் அளவைப் பார்ப்போம். நாட்டின் மக்கள்தொகையே ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். அதில் தலைநகரத்தில் சுமார் 26,000 பேர். பின்னால் த்ருவா ஃப்ரேர் மலையின் கருங்கல் சரிவு, முன்னால் துறைமுகம், இரண்டுக்கும் நடுவே கிடைத்த ஒடுங்கிய சமதரையில் ஊர் இருக்கிறது. அதுவும் போதாமல் கடலைத் தூர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் சேர்த்திருக்கிறார்கள். 1778இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு சிறு குடியிருப்பை அமைத்தார்கள். தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகு 1841இல் அதற்கு விக்டோரியா என்று பெயரிட்டார்கள். ஊர் நடுவில், வெள்ளி நிறப் பூச்சோடு மூன்று நான்கு ஆள் உயரத்தில் நிற்கும் மணிக்கூண்டு 1903இல் வைக்கப்பட்டது. லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள சிறிய மணிக்கூண்டைப் பார்த்துச் செய்த நகல் அது. மொரிஷியஸோடு சேர்த்து ஆளப்பட்ட இந்தத் தீவுகள் தனிக் குடியேற்ற நாடானதும் அதே ஆண்டில்தான். படம் எடுக்கிறவர்கள் இந்தக் கூண்டோடு நின்றுவிடுகிறார்கள். அதன் அடியில் நின்று சுற்றிப் பார்த்தால் வேறொன்று தெரியும். வங்கி, தபால் நிலையம், சந்தை, தேவாலயம், கோயில், அருங்காட்சியகம், பேருந்து நிலையம் எல்லாம் அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. வங்கி வேலைக்கு வந்தவர் மீன் வாங்கிக்கொண்டு, மருந்துக் கடையில் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பேருந்தைப் பிடிக்கலாம். வழியில் தெரிந்த முகம் நாலைந்தாவது எதிர்ப்படும். நின்று பேச நேரம் இருப்பதற்குக் காரணம், அலைச்சலுக்கு நேரம் போகவில்லை என்பதே. நம் ஊர்களில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கப் பொழுதில்லாமல் போனது மனம் சுருங்கியதால் மட்டும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மணி நேரம் சாலையில் கரைவதாலும்தான்.

ஆல்பர்ட் தெருவிலிருந்து மார்க்கெட் தெருவுக்குள் திரும்பினால் வண்டிச் சத்தம் அடங்கிவிடும். நடப்பவர்களுக்கென்று விடப்பட்ட தெரு அது. அங்கேதான் 1840இல் தொடங்கிய சந்தை இருக்கிறது. 1947 முதல் 1951 வரை ஆளுநராக இருந்த செல்வின் செல்வின்-கிளார்க்கின் பெயர் அதற்கு. உங்கள் நாளை இங்கிருந்து தொடங்குங்கள், அதுவும் காலை ஏழு மணிக்கே. மீன் மேடையில் பாரை, சங்கரா, சூரை எல்லாம் வந்து இறங்கியிருக்கும். கானாங்கெளுத்தியைத் தட்டில் குவிக்க மாட்டார்கள். செவுள் வழியாக ஓலை நார் ஒன்றைக் கோத்து, கொத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் அந்தக் கொத்தை அப்படியே விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். மேடையின் விளிம்பிலேயே உண்ணிக்கொக்குகள் நிற்கும். செதிலும் குடலும் எப்போது விழும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் விரட்டுவதில்லை. கத்தி பிடித்தவர் வலப்பக்கம் வெட்டினால் கொக்கு இடப்பக்கம் நகரும், அவ்வளவுதான். அந்தக் கொக்குக்கு உள்ளூர்க் கிரியோல் மொழியில் ஒரு பெண்மணியின் பெயர். மதாம் பாத்தோன் என்கிறார்கள். காய்கறிப் பக்கம் வந்தால் ஈரப்பலா, மரவள்ளிக்கிழங்கு, பச்சைப் பப்பாளி, பிலிம்பிக்காய், கறிவேப்பிலை, பட்டை, வனிலா, போத்தலில் அடைத்த மிளகாய் ஊறுகாய். நம்மில் யாருக்கும் இவற்றை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. சுறாவை வேகவைத்து உதிர்த்து, பிலிம்பிக்காயின் புளிப்பைச் சேர்த்து அவர்கள் செய்கிற பண்டத்தை நம் வீட்டுச் சுறாப்புட்டின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் உறவுமுறை என்று நாக்கே சொல்லிவிடும்.

இந்தச் சந்தையில் நீங்கள் காணும் நிதானத்துக்குப் பின்னால் ஓர் இரவின் உழைப்பு இருக்கிறது. அந்த மீனைப் பிடித்தவர் விடிவதற்கு முன் கடலில் இருந்தவர். ஊரின் இன்னொரு முனையில் துறைமுகம் ஓயாமல் இயங்குகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் சூரை பிடிக்கும் பெரிய கப்பல்கள் விக்டோரியாவில்தான் மீனை இறக்கி மாற்றுகின்றன. அங்குள்ள சூரை மீன் பதனத் தொழிற்சாலை உலகின் பெரியவற்றில் ஒன்று. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு அங்கே அடைக்கப்படும் மீன் டப்பாக்களில் இருந்து வருகிறது. ஆகவே வேலை செய்யாத ஊர் என்ற பேச்சு அடிப்படையிலேயே தவறு. வேலைக்கு ஒரு முடிவு நேரம் வைத்திருக்கும் ஊர் என்று சொன்னால் பொருந்தும். கடைகள் பொதுவாக மாலை ஐந்து மணியளவில் மூடுகின்றன. சனிக்கிழமை பாதி நாள், ஞாயிறு விடுமுறை. பயணிகளுக்கு எரிச்சல் தருவது இதுதான். ஆனால் 1993இல் நடைமுறைக்கு வந்த சீஷெல்ஸ் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு எரிச்சல் வராது. வேலை செய்யும் உரிமையைப் பற்றிப் பேசும் அந்தப் பிரிவு, நியாயமான ஓய்வும் ஓய்வுப்பொழுதும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் அந்த உரிமையைச் சேர்ந்தவை என்று எழுதி வைத்திருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார்ந்துகொள்ள இருக்கை தர வேண்டும் என்று 2021இல்தான் நாம் தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவந்தோம். தி.நகர் கடைகளில் பத்து மணி நேரம் நின்ற கால்களின் வலி தெரிந்த நாம், ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லலாமா?

இந்த ஓய்வின் வேர் இன்னும் ஆழமானது. 1770இல் செயின்ட் ஆன் தீவில் முதல் குடியேற்றக் கூட்டம் இறங்கியபோது அதில் அடிமைகள் இருந்தார்கள். பிறகு பருத்தி, தென்னை, பட்டைத் தோட்டங்கள் எழுந்தன. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில்தான் அவை நின்றன. 1835இல் அடிமை முறை ஒழிந்தபோது இந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகளாகவே இருந்தவர்கள். தங்கள் பொழுது தங்கள் கையில் இல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். பகல் முழுவதும் தோட்டத்தில் உழைத்துவிட்டு, இரவில் நெருப்பில் காய்ச்சிய ஆட்டுத்தோல் பறையைச் சுற்றி நின்று அவர்கள் பாடி ஆடியதுதான் மூத்யா. அந்த ஆட்டத்தையும் குடியேற்ற அரசு சும்மா விடவில்லை. நகருக்குள் இரவில் பறை அடிக்கக் கட்டுப்பாடு போட்டது. 2021இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் மூத்யாவைச் சேர்த்தது. இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் காலியாகும் ஆல்பர்ட் தெருவைப் பாருங்கள். ஞாயிறு முழுவதும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் அடுப்பு மூட்டி மீன் சுட்டுத் தின்பதைப் பாருங்கள். ஒரு காலத்தில் பறிக்கப்பட்ட பொழுதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். அதை நாம் குறையாகச் சொல்வது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது.

நம்மவர்களுக்கு இந்த ஊரோடு இருக்கும் தொடர்பு பிள்ளையார் கோயிலில் மட்டும் இல்லை. 1770இல் இறங்கிய அந்த முதல் கூட்டத்தின் 28 பேரில் ‘மலபார்கள்’ என்று பதிவான ஐந்து பேர் உண்டு. தென்னிந்தியர்களை அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த பெயர் அது. பிற்பாடு தமிழ் வணிகர்கள் வந்தார்கள். பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி என்ற பெயர்களைக் கிரியோல் பேசும் குடும்பங்களில் இன்றைக்கும் காணலாம். குவின்சி தெருவில் இருக்கும் அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயில் 1992இல் எழுந்தது. அந்த நாட்டின் முதல் இந்துக் கோயில் அது. அதன் கோபுரமும் அருகே சந்தைக் கூரையும் ஒரே பார்வையில் விழுவதை நடந்து போகிறவர்கள் மட்டுமே கவனிப்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். வேடிக்கை பார்க்க ஊரே நிற்கிறது. துறைமுகப் பக்கம் சுதந்திர வீதியின் கோடியில் 1978இல் வைத்த வெள்ளைச் சின்னம் ஒன்று உண்டு. மூன்று சிறகுகள்: ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்ற மூன்று நிலங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஒரு மக்களானதைக் காட்டுவது. கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்தச் சின்னம் வரை நடந்து போனால், நம்மவர்கள் அங்கே விருந்தாளிகள் அல்லர் என்பதும், ஊர் முழுவதும் நம்மவர்களுடையது என்று மார்தட்டவும் இடமில்லை என்பதும் ஒருசேர விளங்கும்.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். இவ்வளவு செலவு செய்து போகிறோம், கடலுக்கு ஒதுக்கிய நாளை ஊருக்குக் கொடுத்தால் நஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். கணக்கைப் பார்த்தால் விக்டோரியாவில் கழிக்கும் நாள்தான் உங்கள் பயணத்திலேயே செலவு குறைந்த நாள். பிராலினுக்குக் கப்பல் கட்டணமே கணிசம். ஊரைச் சுற்ற இரண்டு கால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அலுவலகக்காரர்கள் வரிசையில் நிற்கும் பார்சல் கடைக்குப் போங்கள். சோறு, பருப்பு, சுட்ட மீன் அல்லது தேங்காய்ப்பால் விட்ட பேய்க்கணவாய்க் குழம்பு, ஓரத்தில் பப்பாளித் துருவல், எல்லாம் ஒரு பெட்டியில் அடங்கிவிடும். விடுதியில் அதே சாப்பாட்டுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். பேருந்தும் அப்படியே. அரசுப் போக்குவரத்துக் கழகம் விக்டோரியா இருக்கும் மாஹே தீவு முழுவதும் பேருந்து ஓட்டுகிறது. அதில் இந்தியாவிலிருந்து போன டாட்டா, அசோக் லேலண்ட் வண்டிகள் உண்டு. எண்ணூரில் பிறந்த எஞ்சின் அந்த மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும் சத்தம் உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நிலையத்துக்குப் போனால் சீருடைப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் பொ வலோன். சாயங்காலக் கடற்குளியலும் தவறாது.

பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் வரலாற்று அருங்காட்சியகத்தில், 1756இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவுகளை உரிமை கொண்டாடி நட்ட கல் இருக்கிறது. தெற்கே சற்றுத் தள்ளி 1901இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் கடல் தேங்காய் மரங்களும் பேராமைகளும் இருக்கின்றன. அரை நாள் அதற்கே சரியாகப் போகும். கடல் தேங்காய் வாங்கினால் அரசு முத்திரையும் சான்றிதழும் இல்லாமல் வாங்காதீர்கள், விமான நிலையத்தில் பறிபோகும். ஆல்பர்ட் தெருவில் மர மாடியும் தகரக் கூரையும் கொண்ட பழைய கடைவீடுகள் ஒன்றிரண்டு மிச்சம். மற்றவை கான்கிரீட்டுக்கு வழிவிட்டுவிட்டன. அது எனக்கு வருத்தமே. நம் காரைக்குடியும் தஞ்சையும் இழந்து வருவதை அவர்களும் இழக்கிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணியின் கண்ணுக்குத்தான் அது நிதானமான ஊர். அங்கே வாழ்கிறவர்களுக்கு வாழ்க்கை அவ்வளவு சுலபமா என்பது. சுலபம் இல்லை. உலக வங்கி சீஷெல்ஸை உயர் வருமான நாடுகளின் வரிசையில் வைத்திருக்கிறது என்றாலும், சாப்பாட்டுப் பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் வந்தாக வேண்டும். விலை அதற்கேற்ப ஏறும். 2008இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு பன்னாட்டு நிதியத்திடம் போய் நின்றது. சீஷெல்ஸ் ரூபாயின் மதிப்பு விழுந்த அந்த நாட்களை ஊர் மறக்கவில்லை. ஹெராயின் பழக்கம் பல குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. நாட்டின் அளவுக்கு அது மிகப் பெரிய துயரம் என்று அங்குள்ள அரசே ஒப்புக்கொள்கிறது. 1977இல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, 1991 வரை ஒரே கட்சி ஆட்சி இருந்தது. இலவசக் கல்வியும் மருத்துவமும் பரவலான அந்தக் காலத்திலேயே பேச்சுரிமையும் ஒடுங்கியது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை என் வாதத்தைத் தளர்த்தவில்லை, கெட்டிப்படுத்துகின்றன. கவலை இல்லாததால் அவர்கள் நின்று பேசுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு கவலைக்கு நடுவிலும் நின்று பேசுவதை விட்டுக்கொடுக்கவில்லை என்கிறேன். அதோடு, இந்தக் கஷ்டங்களின் சாயலாவது உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் அதற்கும் ஊருக்குள்தான் வர வேண்டும். விடுதியின் மதில் சுவர் இரண்டையுமே மறைத்துவிடுகிறது, மக்களின் துன்பத்தையும் மக்களின் சுகத்தையும்.

அவர்கள் பாட்டுக்கு வாழ்கிறார்கள், நாம் போய் வேடிக்கை பார்ப்பது மரியாதையா என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வேடிக்கை பார்ப்பதற்கும் கலந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு நாம் நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. அந்த ஊரில் விலை கேட்பதற்கு முன் முகமன் சொல்வது வழக்கம். போன்ஸூர் என்று சொல்லிவிட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குங்கள். எடுத்தவுடன் “எவ்வளவு?” என்று கேட்டால் பதில் வரும், முகம் மலராது. மீன் மேடையில் நிற்பவரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பையில் போடுங்கள். நாலு பேர் மரத்தடியில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தால் தள்ளி நின்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களே பேச்சுக் கொடுக்கலாம். பட்டையோ மிளகாய் ஊறுகாயோ சந்தையில் வயதான ஒருவரிடம் வாங்குங்கள், பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். நம் காசு விடுதிக் கணக்கில் மட்டும் போய்ச் சேராமல் ஊருக்குள்ளும் கொஞ்சம் இறங்கினால், நாம் அங்கே இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

முகவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர்கள் கேட்பதில்லை, அதனால் சேர்ப்பதில்லை என்பது உங்கள் பதில். அவர்கள் கேட்காததற்குக் காரணம், அப்படியொன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. அரை நாள் நகர உலா என்ற வரியை எடுத்துவிடுங்கள். திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை, காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, எந்த வேனும் வழிகாட்டியும் இல்லாமல் ஒதுக்குங்கள். சந்தை, பார்சல் சாப்பாடு, அருங்காட்சியகம், பேருந்து எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வாரநாள் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை காலை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வேண்டியதை வாங்க ஊர்க்காரர்கள் திரண்டு வரும் நேரம் அது, சந்தை நிறைந்திருக்கும். ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்றைக்கு விக்டோரியாவுக்கு விடுமுறை.